ஸ்பிண்டில் தெரு நிறுத்தத்தில் ஒரு நிமிஷம்

மிஸ் ஆர்லீதா ஸ்டர்டிவன்ட் இந்த மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார், அவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதிக் கொடு, கேக் வெட்டும்போது வாசிக்கலாம் என்று பஸ் டிப்போவில் என்னிடம் சொன்னார்கள். நாற்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினவரை அரைப் பக்கத்தில் அடைக்க வேண்டுமாம். அடைத்துக் கொடுத்தேன். விபத்து கிடையாது, நேரம் தவறியது கிடையாது, பிள்ளைகளுக்குப் பிரியமானவர், இவ்வளவுதான் அதில் இருந்தது. எல்லாரும் கை தட்டிவிட்டுக் கேக் தின்னப் போனார்கள். எனக்கு மனசே ஆறவில்லை, அதனால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் ரோண்டா ஹனிகட். எந்தப் பேருந்து எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று வரைபடம் போடுவது டிப்போவில் என் வேலை. கேள்வி கேட்பது என் பிறவிக் குணம். இவள் வாயைப் பூட்டினால் மூக்கால் கேட்பாள் என்று அப்பா சொல்வார். மிஸ் ஆர்லீதாவை நான் கேட்ட கேள்விகளுக்கு வேறு யாராவதாக இருந்தால் என்னை எப்போதோ ஓடுகிற வண்டியிலிருந்து இறக்கி விட்டிருப்பார்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை கல்லூரிப் பிள்ளைகள் யாராவது ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கறுப்புப் பிள்ளைகளை வெள்ளைப் பள்ளிக்கும் வெள்ளைப் பிள்ளைகளைக் கறுப்புப் பள்ளிக்கும் கோர்ட்டு உத்தரவு போட்டு பஸ்ஸில் அனுப்பினார்களே, அது சரியா தப்பா என்று கேட்பார்கள். மிஸ் ஆர்லீதா டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு, "யாரு வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு கேக்கற, மொதல்ல அதைச் சொல்லு" என்பார். பிள்ளைகள் முழிப்பார்கள். அவர் கேட்ட வாசல்களில் ஒன்று எங்களுடையது.

1970. எனக்கு ஆறு வயசு. எங்கள் தெருவுக்கு ஸ்பிண்டில் தெரு என்று பெயர், நூல் மில்காரர்கள் கட்டிக் கொடுத்த வீடுகள். அம்மா எஸ்டெல்லும் அப்பா டூயியும் அந்த மில்லில்தான் வேலை. அப்பா காலை ஷிஃப்ட், அம்மா மதிய ஷிஃப்ட். அந்தக் கோடையில் உத்தரவு வந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் ஒன்பது மைல் தள்ளி சீடர் ஹில்லில் இருக்கிற ஆரம்பப் பள்ளிக்குப் போக வேண்டும். சீடர் ஹில் முழுக்கக் கறுப்பர்கள் ஊர். அந்தப் பள்ளியில் அதுவரை ஒரு வெள்ளைப் பிள்ளை கால் வைத்ததில்லை.

இதில் ஒரு கூத்து நடந்தது. அப்போதெல்லாம் எங்கள் வட கரோலினா மாநிலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள்தான். பதினாறு வயசானால் போதும், நாலு நாள் பயிற்சி கொடுத்து சாவியைக் கையில் தருவார்கள். வண்டி முப்பத்தைந்து மைலுக்கு மேல் போகாதபடி எஞ்சினில் கட்டுப்பாடு இருக்கும். சாயங்காலம் ஓட்டுகிற பிள்ளையே வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசலில் நிறுத்திக்கொள்ளும். வெள்ளைப் பையன்கள் வெள்ளைப் பிள்ளைகளை ஏற்றினார்கள், கறுப்புப் பிள்ளைகள் கறுப்புப் பிள்ளைகளை ஏற்றினார்கள், யாருக்கும் இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. கோர்ட்டில் மாதக்கணக்கில் பிள்ளைகளைப் பற்றி வாதாடினார்கள். ஓட்டப் போவது யார் என்று ஒரு பெரிய மனுஷனுக்கும் தோன்றவில்லை. எந்தப் பள்ளிக்கு எந்த வண்டி பக்கமோ அதை அனுப்பு என்று ஆபீஸில் பழைய வழக்கப்படி எழுதிவிட்டார்கள். சீடர் ஹில் பள்ளிக்குப் பக்கத்தில், ஒரு வீட்டு வாசலில் நின்றது ஐம்பத்தெட்டாம் நம்பர் வண்டி. அதை ஓட்டியவர் பதினேழு வயசு ஆர்லீதா.

பள்ளி திறந்த அன்று காலை, வெள்ளைக்காரப் பிள்ளைகளை ஏற்ற ஒரு கறுப்புப் பெண் மஞ்சள் வண்டியை ஓட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வந்து நின்றார். தெருவே வாயைப் பிளந்தது. அன்று சாயங்காலம் சர்ச் ஹாலில் கூட்டம். கோர்ட்டு பிள்ளைகளைத்தான் கலக்கச் சொன்னது, டிரைவரையுமா கலக்கச் சொன்னது என்று அப்பா எழுந்து நின்று கேட்டாராம். கோல்ஃப் கிளப் பக்கத்துப் பங்களாக்காரர்களின் பிள்ளைகள் ஒன்றுகூட பஸ் ஏறவில்லையே, மில்காரன் பிள்ளைதான் உங்களுக்குக் கிடைத்ததா என்றும் கேட்டார். முதல் கேள்விக்கு நான் இன்றுவரை வெட்கப்படுகிறேன். இரண்டாவது கேள்வி நியாயமானது. முதல் வருஷம் பங்களாப் பக்கம் ஒரு கோடுகூடப் போகவில்லை, பழைய வரைபடத்தை நானே பார்த்திருக்கிறேன்.

எங்கள் நிறுத்தத்தில் நாலு பிள்ளைகள் பெயர் இருந்தது. மூன்று பேர் சொந்தக்காரர் விலாசத்தைக் கொடுத்து வேறு பள்ளிக்குக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது நான். ஒரு நிறுத்தத்தில் தொடர்ந்து பத்துப் பள்ளி நாள் யாரும் ஏறாவிட்டால் அந்த நிறுத்தத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். அப்பா அதற்காகத்தான் காத்திருந்தார். பஸ் வருவது நின்றதும் என்னைத் தெற்கு கரோலினாவில் இருக்கிற அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகப் பேச்சு. அங்கே சர்ச்காரர்கள் வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகப் பள்ளி திறந்திருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கும் கோடைக்கும்தான் வீட்டுக்கு வருவேன். அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஆனால் தினமும் காலையில் அப்பா மில்லுக்குப் போனதும் அம்மா என்னை எழுப்பிக் குளிப்பாட்டி, தலை சீவி, ரிப்பன் கட்டிவிடுவாள். சீஸ் தடவிய ரொட்டியைக் காகிதப் பையில் சுற்றிக் கையில் கொடுப்பாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் படியில் நிற்பாள். ஏழு பத்துக்கு வண்டி வரும். ஆர்லீதா நீளமான இரும்புப் பிடியை இழுத்துக் கதவைத் திறப்பார். ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அவருக்கு முன்னால் எங்கள் தெருவுக்கு வந்த பையன்கள் ஹாரனை அடித்துவிட்டுப் பறந்துவிடுவார்களாம், அம்மா சொல்லியிருக்கிறாள். இவர் முழுசாக ஒரு நிமிஷம் நிற்பார். வேறு தெருக்களில் ஏறி வந்த பின்சீட்டுப் பையன்கள் சொல்லக் கூடாததெல்லாம் சொல்லிக் கத்துவார்கள். இவர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி எங்கள் பக்கம் திரும்புவார். நாங்கள் அசைய மாட்டோம். கதவு மூடிக்கொள்ளும். அந்த ரொட்டியைப் பத்து மணிக்குச் சமையலறையில் உட்கார்ந்து தின்பேன்.

ஒன்பது நாள் இப்படியே போனது. பத்தாம் நாள் நாங்கள் நின்றோம், கதவு திறந்தது, நிமிஷம் முடிந்தது, கதவு மூடிக்கொண்டது. அம்மா உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து என் ரிப்பனை அவிழ்த்தாள். அவிழ்க்க வெகு நேரம் பிடித்தது. அத்தை வீட்டில் நாய் இருக்குமா என்று கேட்டேன், அவள் ரிப்பனைச் சுருட்டி அலமாரியில் வைத்தாள்.

அன்று அந்த வண்டியில் நடந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று டிரைவர் தினமும் ஒரு தாளில் எழுத வேண்டும். ஸ்பிண்டில் தெருவுக்கு நேராக ஒன்பது நாள் பூஜ்யம் போட்டிருந்த ஆர்லீதா, பத்தாம் நாள் ஒன்று என்று எழுதினார், பத்து நாள் கணக்கு அங்கேயே அறுந்தது. பொய்க் கணக்கு எழுதினால் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள். சாவியைப் பிடுங்கத்தான் அந்த வருஷம் பாதி ஊர் சமயம் பார்த்துக்கொண்டிருந்தது.

எதிர் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா. அங்கே ஒரு குஞ்சும் ஏறவில்லை என்று அன்றே ஆபீஸுக்குப் போன் போட்டுவிட்டார். பதினோராம் நாள் காலை வண்டி வந்தபோது முன்சீட்டில் டிரைவர்களை மேற்பார்க்கிற மிஸ்டர் ஹார்ட்செல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வழக்கம்போல் படியில் நின்றோம். நிறுத்தத்தை அடித்தார்களா இல்லையா என்றே அம்மாவுக்குத் தெரியாது. ஆனாலும் ரிப்பன் கட்டியிருந்தாள். அவள் தலையில் முடி சுருட்டுகிற உருளைகள், உடம்பில் பூப்போட்ட வீட்டு அங்கி, காலில் செருப்பு.

மிஸ்டர் ஹார்ட்செல் இறங்கி வந்து தொப்பியைக் கழற்றினார். மரியாதையான மனுஷன்தான், அதில் குறை சொல்ல முடியாது.

"மிஸஸ் ஹனிகட், நேத்து உங்க பொண்ணு இந்த பஸ்ல ஏறினாளா? இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மத்ததை நாங்க பாத்துக்கறோம். உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது."

இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். உண்மை அதுதானே. அம்மா என் கையை எலும்பு நொறுங்குகிற மாதிரி இறுக்கினாள். வண்டிக்குள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ஆர்லீதா நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறினா சார்," என்றாள் அம்மா. "நேத்து ஏறினா."

மிஸ்டர் ஹார்ட்செல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா பொய் சொல்கிறாள் என்று அவருக்குப் பளிச்சென்று தெரியும். அப்படியானால் இன்றைக்கும் ஏறுவாள் அல்லவா என்று கேட்டார்.

"ஏறுவா. நானும் ஏறுவேன்."

பெரியவர்கள் பிள்ளைகளின் பஸ்ஸில் ஏற விதி இல்லை என்றார் அவர். நீங்கள் ஏறி வரவில்லையா என்று கேட்டுவிட்டு அம்மா என்னை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். தலையில் உருளைகளோடு டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தாள். பின்சீட்டுப் பையன்கள் கப்சிப். அந்தப் பெண் அன்றும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் முழுசாக ஒரு நிமிஷம் நின்றாள், ஒன்பது மைலும் அதைத்தான் எண்ணிக்கொண்டு வந்தேன் என்று அம்மா பிறகு சொன்னாள்.

போனது சரி, திரும்பி வர வேண்டாமா? அதை அம்மா யோசிக்கவே இல்லை. பள்ளி விட்டு வண்டி திரும்புகிற வரைக்கும் சீடர் ஹில் பள்ளியில் என்ன செய்வது? சமையலறையில் போய் உட்கார்ந்து அங்கே வேலை பார்த்த பெண்களோடு பீன்ஸ் ஆய்ந்தாள். அவர்கள் முதலில் பேசவில்லையாம், பிறகு உருளைகளைப் பார்த்து ஒருத்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்ததாம். வண்டியை விட்டு இறங்கியதும் மூன்று மணி மில் ஷிஃப்டுக்கு அந்தக் கோலத்திலேயே ஓடினாள். அப்பா ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்தபோது எதிரே இவள் வீட்டு அங்கியோடு ஓடி வருகிறாள். அவர் இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. ஆனால் நிறுத்தம் நின்றது, அத்தை வீட்டுப் பேச்சு அதோடு போச்சு. மறுநாளிலிருந்து நான் தனியாக ஏறினேன்.

எங்களை இறக்கிவிட்டு ஆர்லீதா எங்கே போனார் என்று அப்போது நான் கேட்கவில்லை. அவர் படித்த கறுப்பு உயர்நிலைப் பள்ளியை அந்தக் கோடையில்தான் மூடினார்கள். பேண்ட் வாத்தியச் சீருடைகளையும் கோப்பைகளையும் லாரியில் போட்டுக் குப்பைக்குக் கொண்டுபோனார்கள். தலைமை ஆசிரியராக இருந்தவரை இன்னொரு பள்ளியில் உதவியாளராக உட்கார வைத்தார்கள். வெள்ளைப் பிள்ளைகளைத் தன் சின்ன வயசுப் பள்ளியில் இறக்கிவிட்டு, இவர் வெள்ளை உயர்நிலைப் பள்ளிக்குப் படிக்கப் போனார். சாப்பாட்டு அறையில் பக்கத்தில் உட்கார ஆள் கிடையாது. மைதானத்தில் நிறுத்தியிருந்த ஐம்பத்தெட்டாம் நம்பர் வண்டியில் ஏறி, டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்து வருஷம் முழுக்கச் சாப்பிட்டார்.

படிப்பு முடிந்தும் வண்டியை விடவில்லை. கல்யாணம் ஆனது, இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள், மாணவ டிரைவர்களே வேண்டாம் என்று மாநிலம் முடிவெடுத்தது, அவர் மட்டும் அதே வழியில் ஓடிக்கொண்டிருந்தார். 1988-இல் நான் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் தலையைப் பார்த்துவிட்டு, "ரிப்பன் எங்க கண்ணு?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். அழுது முடித்ததும் என் குணம் விடுமா, ஏன் ஒன்று என்று எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"பத்து நாளும் பாத்தேன். தெனமும் வேற கலர் ரிப்பன், கையில சாப்பாட்டுப் பை. அனுப்பவே மாட்டேங்கறவ எதுக்கு ரொட்டி கட்டிக் குடுக்கறா? இந்தப் பொம்பளை இன்னும் முடிவு பண்ணலைன்னு தெரிஞ்சுது. என்னதான் பண்றான்னு பாக்கணும்போல இருந்துச்சு. அதான் இன்னொரு நாள் எழுதிக்கிட்டேன்."

அவ்வளவுதானா என்றேன். பதினேழு வயசில் அதற்கு மேல் என்ன வேண்டும் என்றார்.

2001-இல் இன்னொரு கோர்ட்டு வந்து அந்த உத்தரவு இனி வேண்டாம் என்றது. அவரவர் பேட்டைப் பிள்ளைகள் அவரவர் பேட்டைப் பள்ளிக்கு. ஒன்பது மைல் வழியை இரண்டு மைலாக வெட்டி வரைபடம் போட்டது நான்தான், அடுத்தவர் மேல் பழி போட்டுத் தப்பிக்க முடியாது. இன்று சீடர் ஹில் பள்ளி வரிசையில் ஒரு வெள்ளைப் பிள்ளை இல்லை. தூரம் குறைந்தது, பிள்ளைகள் அரை மணி கூடுதலாகத் தூங்குகிறார்கள் என்று மிஸ் ஆர்லீதா சொன்னார். பிறகு, தன் பேத்தி வகுப்பில் அறிவியல் புத்தகம் இரண்டு பிள்ளைக்கு ஒன்று என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார், எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் கிடைக்காமலே இருந்தது. நான் ஏறியதாக அம்மா ஏன் சொன்னாள்? என்னைப் பிரிய மனசில்லை என்றால் அத்தை வீட்டுக்கு அனுப்பாதே என்று அப்பாவிடம் சண்டை போட்டிருக்கலாமே. யாரோ ஒரு கறுப்புப் பெண்ணின் பொய்யைத் தன் தலையில் ஏன் ஏற்றிக்கொண்டாள்? கேட்கும்போதெல்லாம் ஒவ்வொன்று சொல்வாள். வாய் தவறி வந்துவிட்டது என்பாள், அந்த ஆளின் தொப்பி பிடிக்கவில்லை என்பாள். போன குளிர்காலத்தில் படுத்த படுக்கையாகி, இனி எழ மாட்டாள் என்று ஆனபோது மறுபடி கேட்டேன். வெட்கங்கெட்ட ஜென்மம் நான்.

"அந்த ஆளு கேட்ட மாதிரியே மில்லுல ஃபோர்மன் ஒரு தடவை கேட்டான்," என்றாள். "அறுபத்தாறுல. கறுப்புப் பொம்பளைங்களை அப்பத்தான் நூல் செக்ஷனுக்கு எடுத்திருந்தாங்க. ஒரு மிஷின் ஆளில்லாம ஓடி நூலெல்லாம் நாசம். இவதான் விட்டுட்டுப் போனா, நீ பாத்தேல்ல, ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்னான். நான் பாக்கவே இல்ல ரோண்டா. ஆமான்னுட்டேன். அன்னைக்கே அவளை வெளிய அனுப்பிட்டான். அவ என்னை ஒரு பார்வை பாத்துட்டுப் போனா."

பிப்ரவரியில் அம்மா போய்விட்டாள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கேக் வெட்டிய அன்று, எல்லாரும் போன பிறகு, டிப்போ வாசலில் மிஸ் ஆர்லீதாவிடம் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் நெகிழ்ந்துபோய் என் கையைப் பிடிப்பார் என்று நினைத்தேன், பொய் சொல்வானேன். அவர் கேக் பெட்டியைக் காரின் மேல் வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் பொம்பளை பேரு என்ன?"

தெரியாது என்றேன்.

"ஊர்ல இருக்கிற கேள்வியெல்லாம் கேக்கறவ. அதைக் கேக்கத் தோணலையா உனக்கு?"

சத்தியமாகத் தோன்றவில்லை. அம்மாவின் மனசைத் தோண்டுவதிலேயே இருந்துவிட்டேன்.

அவர் விரல் விட்டு எண்ணினார். அந்த வருஷம் நூல் செக்ஷனில் சேர்ந்த கறுப்புப் பெண்கள் மொத்தம் நாலே பேர், நாலு பேரும் சீடர் ஹில்காரர்கள். ஒடெஸ்ஸா விதர்ஸ்பூன், லவ்வி கிரம்ப், எர்னஸ்டீன் கேடி, பெர்னிஸ் மாஸி. அதில் இரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் தயாராக இரு என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார்.

சனிக்கிழமை முதலில் எர்னஸ்டீன் கேடி வீட்டுக்குப் போனோம். கதவைத் தட்டிவிட்டுக் காத்திருந்தோம். நேரமானது, நான் மறுபடி தட்டக் கையைத் தூக்கினேன், மிஸ் ஆர்லீதா வேண்டாம் என்று தலையசைத்தார். எழுபது வயசுக்காரர், மூட்டு வலி, நடந்து வர வேண்டாமா. கதவு திறந்தது. எங்களை உட்கார வைத்து இனிப்பு டீ ஊற்றிக் கொடுத்தார். நான் யார், என் அம்மா யார், அறுபத்தாறில் என்ன சொன்னாள் என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

எர்னஸ்டீன் தன் டம்ளரை மேஜையில் வைத்தார்.

"அனுப்பினது லவ்வியை. அவ செத்து ஒன்பது வருஷம் ஆச்சு. ஆளில்லாம ஓடினது அவ மிஷின் இல்லம்மா, என்னுது. நான் அப்போ நாலு மாசம் முழுகாம இருந்தேன், வாந்தி வருதுன்னு கக்கூஸுக்கு ஓடினேன். அவதான் ரெண்டு மிஷினையும் பாத்துக்கறேன்னா, முடியல. ஃபோர்மன் அவ பேரைச் சொல்லித் திட்டறான், உங்கம்மா ஆமாங்கறா. லவ்வி என் பேரைச் சொல்லவே இல்ல."

மிஸ் ஆர்லீதா என்னைப் பார்த்தார், இப்போது கேள் என்பது போல. என்னிடம் கேள்வி ஏதும் இல்லை. லவ்வி கிரம்புக்குப் பிள்ளைகள் உண்டு, ஒரு மகள் இங்கேயேதான் இருக்கிறாள் என்று எர்னஸ்டீன் சொல்லி, விலாசத்தை ஒரு பழைய கவரின் பின்பக்கம் எழுதினார். டீயைக் குடித்து முடித்துவிட்டு அங்கே போனோம்.